பக்கத்துக் கட்டிலோடு ஒரு பந்தயம்

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் நடந்து வந்துவிட்டேன். கதவைத் திறந்த மகள் என் காலைப் பார்த்தாள். "அம்மா, இன்னொரு செருப்பு எங்கே?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். உள்ளங்கால் முழுக்கப் புழுதி, ஓரத்தில் ஒரு சின்னக் கீறல், அதில் ரத்தம். செருப்பு எங்கே கழன்றது, எப்போது கழன்றது, எனக்கு எதுவும் தெரியாது. திருவேற்காட்டில் எங்கள் தெரு அப்போது ஜல்லி கொட்டிப் பாதியில் நிறுத்தப்பட்டிருந்த தெரு. அதில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். ஒரு கல்கூடக் குத்தியதாக உறைக்கவில்லை.

என் வேலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களோடு ஃபோனில் பேசுவது. காலை முதல் மாலை வரை வாய்தான் வேலை செய்யும், கால் சும்மா இருக்கும். அதனால் விரல் நுனிகளில் இரண்டு மூன்று நாளாக இருந்த மதமதப்பை நான் கண்டுகொள்ளவில்லை. முந்தின வாரம் வயிற்றுப்போக்கு வந்து படுத்திருந்தேன், அந்த அசதிதான் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்தே இருந்தால் கால் மரத்துப் போகத்தானே செய்யும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குளியலறை முக்காலியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. தொடை இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. "என்னங்க, இங்க வாங்க" என்று கத்தினேன். என் கணவர் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, என்னை அப்படியே துண்டோடு தூக்கினார். "விளையாடுறியா?" என்று ஒரு முறை கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் என்னைக் கட்டிலில் கிடத்திவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினார்.

மருத்துவமனையில் டாக்டர் அம்மா ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். முழங்கையில் தட்டினார். எதுவும் நடக்கவில்லை. அவர் என் கணவரைத் தனியாகக் கூப்பிடவில்லை, என்னிடமே சொன்னார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"உங்க உடம்புல கிருமியோட சண்டை போட வேண்டிய படை, ஆள் தெரியாம உங்க நரம்பையே அடிக்குது. நரம்புக்கு மேல, கரண்ட் ஒயருக்கு இருக்கிற மாதிரி ஒரு உறை இருக்கு. அது போயிடுச்சுன்னா மூளை சொல்றது கைகாலுக்குப் போய்ச் சேராது. இன்னும் சில நாளைக்கு இது மேல ஏறும். அப்புறம் நிக்கும். அப்புறம் உறை திரும்ப வளரும்."

"வளருமா?" என்றேன்.

"பெரும்பாலும் வளரும். ஆனா அவசரப்படாது."

இதற்கு இரண்டு பிரெஞ்சுக்காரர்களின் பெயரைச் சேர்த்து நீளமாக ஒரு பெயர் இருக்கிறதாம். சுருக்கி ஜி.பி.எஸ். என்றார்கள். "ரூட்டு காட்டுமே, அதுவா?" என்று என் கணவர் கேட்டுவிட்டார். டாக்டர் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். நான் முகம் முழுவதும் சிரித்தது, அதற்குப் பிறகு வெகுநாளைக்கு, அதுதான் கடைசி.

அவர் சொன்னபடியே அது ஏறியது. கால் போயிற்று, கை போயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் புட்டியிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் அடிக்கடி வந்து, "ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்பார். முதல் நாள் முப்பதைத் தாண்டினேன். அப்புறம் பதினைந்தில் மூச்சு நின்றது. அதற்குக் கீழே போனால் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அன்று முழுக்க நான் பதினைந்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் பதினாறு வந்தது. நர்ஸ் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்குத் தேர்வில் பாஸானது மாதிரி இருந்தது.

ஆனால் முகம் போய்விட்டது. இரண்டு பக்கமும். கண் மூடாது, தூங்குவதற்கு இமையில் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். உதடு ஒன்றோடு ஒன்று சேராது. உதடு சேராவிட்டால் தமிழில் எத்தனை எழுத்து போய்விடும் என்று அதுவரை நான் யோசித்துப் பார்த்ததில்லை. 'ப' வராது, 'ம' வராது. கீழுதடு பல்லில் படாததால் 'வ' வராது. 'என்னங்க' என்று சொல்லலாம், அதனால் கணவரைக் கூப்பிட்டுவிடலாம். 'தண்ணி' சொல்லலாம். மகளைக் கூப்பிட முடியாது. நாங்கள் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். கணவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் மகள். நான் பாப்பா என்றேன். வெளியே வந்தது, "ஹாஹ்ஹா."

"அம்மா, ஏன் சிரிக்கிறே?" என்று கேட்டாள் மகள்.

கணவர் ஃபோனைத் திருப்பிக்கொண்டார்.

ஏறுவது நின்றபிறகு என்னை வேறொரு வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஏற்கனவே ஓர் அம்மாள் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்துக்குக் கீழே என்னைப் போலவே அசைவில்லாமல் கிடந்தார். ஆனால் வாய் மட்டும் நிற்கவே இல்லை. என்னைக் கட்டிலில் இறக்கிப் போர்வை போர்த்தி முடிப்பதற்குள் கேட்டார்:

"இன்னாமே, உனுக்கும் அதேதானா?"

தலையை அசைத்தேன்.

"நான் உனுக்கு மின்னாடியே வந்துகினேன். அத்தொட்டு நான்தான் சீனியர். இன்னா வேலை பாக்குறே? ஐ.டி.யா?"

இல்லை, ஃபோனில் பேசும் வேலை என்று சொல்ல முயன்றேன். பாதி எழுத்துகள் இல்லாமல் அது எப்படியோ வெளியே வந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக் கேட்டார். "போன்ல பேசுறதா? இந்த வாய வெச்சிகினா?" என்று சொல்லிவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நன்றாக இருந்தது. ஒரு மாதமாக எல்லோரும் என்னிடம் மெதுவாக, பாவமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் கோவில்பதாகைக்காரர். பிறந்ததும் அங்கேதான், கட்டிக்கொடுத்ததும் அங்கேதான். குடும்பத்தின் நெல் வயலில் இப்போது வரிசையாக வீடுகள். அந்த வீடுகளுக்கெல்லாம் தண்ணீர் கேன் போடுவதுதான் அவர் தொழில். குட்டி வேனை அவரே ஓட்டுவார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அதில் ஒரு வசதியும் இருந்தது, 'அக்கா'வுக்கு உதடு வேண்டியதில்லை.

ஒரு நாள் சாயங்காலம், "வீட்டுக்குப் போகணும்" என்று கணவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். 'ஈட்டுக்கு' என்றுதான் வந்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது:

"நாங்க 'ஊட்டுக்கு'ன்னுவோம், நீ 'ஈட்டுக்கு'ன்றே. கிட்ட வந்துட்டேமே! இன்னும் கொஞ்ச நாள் இங்கியே கெட, மெட்ராஸ் பாஷை முழுசா வந்துடும்."

அழுகை அப்படியே நின்றுவிட்டது.

பந்தயம் அவர் யோசனைதான். "தோ பாரு. சொம்மா மேல ஃபேனையே பாத்துகினு கீறதுக்கு ஒரு பந்தயம் கட்டலாம். யாரு மொதல்ல எந்திரிச்சி சொந்தக் கால்ல நிக்கிறாங்களோ, அவங்களுக்கு மத்தவங்க பிரியாணி வாங்கித் தரணும். சிக்கன் கிக்கன்லாம் கெடயாது. மட்டன்."

"சரி" என்றேன். அதற்கும் உதடு வேண்டியதில்லை.

எங்கள் இருவருக்கும் உடற்பயிற்சி கொடுக்க வந்தவள் நாகர்கோவில் பெண். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. நடுவராக இருக்க உடனே ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து வார்டில் காலை நேரம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் வந்ததும், "இன்னைக்கு யாருக்கு என்ன வந்திருக்கு?" என்று கேட்பாள். நாங்கள் தோளை, கழுத்தை, எதையாவது காட்டுவோம், அவள் எழுதிக்கொள்வாள். ஒன்றும் வராத நாட்களில் அக்கா, "கொட்டாவி வந்துச்சி, எய்திக்கோ" என்பார்.

முதலில் வந்தது என் இடது கைக் கட்டைவிரல். அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "இதை அசைங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் தினமும் போல, மூடிய கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறவளாக, ஒவ்வொரு விரலையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் அசைந்தது. துளியூண்டு. உள்ளே மடங்கி, திரும்பி வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் விரலைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை."

மடங்கிற்று.

"ஆடிச்சா? மெய்யாலுமே ஆடிச்சா? காட்டு, காட்டு!" என்று அக்கா கத்தினார். எதிர்க் கட்டில் அம்மாள் எழுந்து வந்தார். நர்ஸ் ஓடி வந்தார். அந்தக் கட்டைவிரல் அன்று எத்தனை பேருக்கு முன்னால் மடங்கி நிமிர்ந்தது என்று கணக்கில்லை. மாலையில் கணவர் அதை வீடியோ எடுத்து, திண்டுக்கல்லில் இருக்கும் என் அண்ணன் முதல் அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரி வரை எல்லோருக்கும் அனுப்பினார். எடுக்கும்போது அவர் கை ஆடியதால் வீடியோவில் கட்டிலே ஆடுவது போலத் தெரிந்தது. 'எது அசைகிறது?' என்று என் அண்ணன் பதில் அனுப்பியிருந்தார்.

அடுத்து அக்கா என்னை முந்தினார். அவருக்கு இரண்டு கைகளும் மளமளவென்று வந்தன. தானே டம்ளரைப் பிடித்துக் காபி குடித்தார். என் கண் எதிரே, ஒவ்வொரு வாயாக, சத்தம் போட்டுக் குடித்தார். அப்புறம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இன்னாமே, அங்க படுத்துகினு பாக்கச் சொல்ல நான் எப்பிடிக் கீறேன்?" என்று கேட்டார். எனக்குப் பொறாமையில் காது சூடாயிற்று. அன்று மதியம் பயிற்சிக்கான நேரம் முடிந்த பிறகும், "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று அந்தப் பெண்ணைப் போகவிடாமல் கெஞ்சினேன்.

கால்களில் நான் முந்தினேன். எங்களை ஒரு பலகையில் பட்டைகளால் கட்டி, பலகையோடு மெல்ல நிமிர்த்தி நிற்க வைப்பார்கள். முதல் முறை நிமிர்ந்தபோது தலை சுற்றியது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே தரை தெரிந்தது. அத்தனை நாளும் மேற்கூரையையும் வானத்தையும்தான் பார்த்திருந்தேன். இப்போது கீழே பூந்தமல்லி நெடுஞ்சாலை தெரிந்தது. பஸ்கள், தண்ணீர் லாரிகள், மெட்ரோ தூண்களுக்குக் கீழே நகராமல் நிற்கும் வண்டிகள். போக்குவரத்து நெரிசலைப் பார்த்து மனம் துள்ளிய ஒரே ஆள் இந்தச் சென்னையில் நானாகத்தான் இருக்கும்.

பிறகு பட்டை இல்லாமல், இரண்டு கம்பிகளுக்கு நடுவே. எழுந்தேன், நின்றேன், "நின்னுட்டேன்!" என்று கத்தினேன், கத்திய வேகத்தில் முழங்கால் மடங்கிக் கீழே உட்கார்ந்தேன்.

"செல்லாது, செல்லாது!" என்றார் அக்கா, சக்கர நாற்காலியிலிருந்து. "வியுந்துட்டா! நடுவர், இத எய்தாத!"

நடுவர் யோசித்து, கம்பியைப் பிடிக்காமல் நின்றால்தான் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னாள்.

அதன் பிறகு நடந்ததை நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. என் கால்கள் நாளுக்கு நாள் தேறின. அக்காவின் கால்கள் வரவில்லை. கைகள் வந்த வேகத்துக்கு நேர்மாறாக, இடுப்புக்குக் கீழே ஒரு அசைவும் இல்லை. வாரங்கள் போயின. காலையில் "யாருக்கு என்ன வந்திருக்கு" என்று கேட்கும்போது அவர் பேச்சை மாற்ற ஆரம்பித்தார். எனக்கு வீட்டுக்குப் போகும் நாள் குறித்துவிட்டார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கணவரிடம் கிசுகிசுத்தேன். அக்காவுக்குக் காது கூர்மை. "போவியா, நல்லாப் போ. இங்கயே இன்னா கொட்டிக் கெடக்குது" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அன்று மதியம் அவர் மகன் வந்தான். கட்டில் ஓரத்தில் நின்றபடி, "வேனக் குட்த்துடலாம்மா. நின்னுகினே கீது, பாட்ரி எறங்கிப் போச்சி. கேக்குறதுக்கு ஆள் வந்துகினு கீறாங்க" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு வேறு வேலை இருந்தது, வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அக்கா அவனை அனுப்பிவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பயிற்சி கொடுக்கும் பெண் வந்தபோது, "இன்னிக்கி வாணாம் தாயி" என்றார். அவள் தயங்கி நின்றுவிட்டு எதிர்க் கட்டிலுக்குப் போனாள்.

நான் அப்போது சக்கர நாற்காலியில், அக்காவின் கால்மாட்டில் இருந்தேன். ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டும், ஆனால் சொல்ல நினைத்த வார்த்தைகளில் எல்லாம் என்னிடம் இல்லாத எழுத்துகள். போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வையின் நுனி அசைந்தது. ஃபேன் காற்று என்று நினைத்தேன். மறுபடி அசைந்தது. காற்று என்றால் போர்வை படபடக்கும். இது உள்ளேயிருந்து யாரோ முட்டுவது போல, ஒரே இடத்தில் எழுந்து தாழ்ந்தது. எட்டிப் போர்வையை விலக்கினேன். வலது கால் பெருவிரல். அவர் அழுதுகொண்டிருந்தார். ஒவ்வொரு விசும்பலுக்கும் உடம்பு இறுகியது. இறுகும்போதெல்லாம் பெருவிரல் நிமிர்ந்தது.

"அக்கா! ஹாரு! காலை ஹாரு!"

"சொம்மா கெடமே" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"ஹாருக்கா!"

திரும்பவில்லை. எனக்குத் தாங்கவில்லை. தினமும் உறிஞ்சுகுழலை வைத்துப் பயிற்சி செய்வேனே, அதைப் போல இரண்டு உதடுகளையும் இழுத்து, கன்னம் வலிக்க நெருக்கி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் சேர்த்துத் தள்ளினேன்.

"பாரு!"

பலூன் வெடித்தது போல வந்தது அந்த 'ப'.

அக்கா திரும்பினார். பிறகு சொன்னார், வேறு யாரோ புது ஆள் வந்துவிட்டதாக நினைத்துத்தான் திரும்பினாராம். எதிர்க் கட்டிலிலிருந்த பயிற்சிப் பெண்ணும் திரும்பினாள். "அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"பாரு. பாரு. பாரு!" நான் விரலால் அக்காவின் காலைக் காட்டினேன். அவர் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். விரல் அசையாமல் இருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, காலை முறைத்தார். விரல் நிமிர்ந்தது.

"அடி கய்தே!" என்றார். என்னையா, விரலையா, தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். அவர், "ஆடுதுடீ, ஆடுதுடீ" என்று. நான், "பாரு, பாப்பா, பப்பாளி, பம்பரம்" என்று, வாயில் வந்த 'ப' எல்லாவற்றையும். பயிற்சிப் பெண் எந்தக் கட்டிலுக்கு முதலில் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா உடனே மகனுக்கு ஃபோன் போட்டார். "வேன்ல கைய வெச்சே, கைய ஒடைச்சிடுவேன். பாட்ரிய சார்ஜு போடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாலையில் என் கணவர் வந்ததும் மகளுக்கு வீடியோ கால் போடச் சொன்னேன். அவருக்கு விஷயம் சொல்லவில்லை. திரையில் அவள் வந்தாள். ஏதோ தின்றுகொண்டிருந்தாள். உதட்டை நெருக்கி, மெதுவாக, சிந்தாமல் சொன்னேன்: "பாப்பா."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"இன்னொரு தடவை சொல்லு."

"பாப்பா."

"இன்னொரு தடவை!"

ஃபோனில் சார்ஜ் தீரும்வரை சொல்ல வைத்தாள்.

வீட்டுக்குப் போன அன்று, எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இல்லாததால், கீழ்வீட்டுக்காரரும் கணவரும் என்னை நாற்காலியோடு இரண்டாவது மாடிக்குத் தூக்கிப் போனார்கள். அடுத்த வாரமே அந்தப் படிக்கட்டு என் பயிற்சிக்கூடம் ஆயிற்று. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்குவேன், ஏறுவேன். வழியில் வருகிறவர்கள் ஒதுங்கி நின்று, "இன்னைக்கு எந்தப் படி வரைக்கும்?" என்று கேட்பார்கள். முதல் தளத் திருப்பத்தை அடைந்த அன்று கீழ்வீட்டம்மா கேசரி கிண்டிக்கொண்டு வந்துவிட்டார். இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வாழ்க்கையில் யார் கேசரி கொடுப்பார்கள்? எனக்குக் கிடைத்தது. தோசையைத் திருப்பிப் போட்டதற்கு, நானே சட்டைப் பட்டன் போட்டதற்கு, தும்மியதற்கு. தும்முவதற்கும் தசை வேண்டும் என்பது முதல் முறை பழையபடி பலமாகத் தும்மிய அன்றுதான் தெரிந்தது. கணவரும் மகளும் அடுப்படிக்கு ஓடி வந்தார்கள்.

அக்கா மருத்துவமனையிலிருந்து தினமும் ஃபோன் செய்தார். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது, நேராகப் பெருமைதான்.

"இன்னிக்கி முட்டிய மடக்கினேன். நீ?"

"நான் காய்கறி நறுக்கினேன்."

"உக்காந்துகினா, நின்னுகினா?"

"உட்கார்ந்து."

"அதெல்லாம் கணக்குல வராது. ஊட்டு வேலைய நின்னுகினு செய்."

மறுநாள் நின்றுகொண்டு நறுக்கினேன், அவருக்குச் சொல்வதற்காகவே.

கம்பியைப் பிடிக்காமல் முதலில் நின்றவள் நான்தான். வெளிநோயாளியாகப் பயிற்சிக்குப் போனபோது அவர் எதிரிலேயே நின்று காட்டினேன். அவர் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, ஜெயிச்சிட்டே" என்றார். ஆனால் பிரியாணி வாங்கிக்கொண்டு போனவளும் நான்தான். அவர் காலில் நிற்கும்வரை பொறுக்க எனக்கு மனமில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே, "தோத்தவ துன்றேன், ஜெயிச்சவ வாங்கியாந்து குட்க்குறா. இன்னா பந்தயமோ" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் திரும்ப வேலைக்குப் போனேன். முதல் அழைப்பை எடுத்தபோது எதிர்முனையில் ஒருவர் கோபமாகக் கத்தினார். அவர் பொருள் வரவில்லை, பதில் சொல்ல யாருமில்லை, எல்லோரும் மோசம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "மன்னிக்கவும் சார், இப்பவே பார்க்கிறேன்" என்றேன். ம, ப, வ, எல்லாம் ஒரே வரியில். "சரி, பாருங்க" என்று அவர் சட்டென்று தணிந்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்திருந்தது! பக்கத்து நாற்காலிக்காரி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாலையானால் கால் கனக்கும், வலது பாதம் தரையில் 'தப்' என்று விழும். சிரித்தால் ஒரு பக்கம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். வந்து சேர்கிறது, எனக்கு அது போதும்.

அக்கா நிற்க ஆரம்பித்து, வாக்கர் பிடித்து, பிறகு கைத்தடி பிடித்து வீடு திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு காலையில் ஃபோனில் பெயர் சொல்லாமல், எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்க விட்டார். "எங்க தெருவுல ஒரு சுத்து. பையன் பக்கத்துல உக்காந்துகினு சாமி கும்புடுறான்" என்றார்.

மகளின் பள்ளி விளையாட்டு விழாவை அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த மைதானத்துக்குத் தண்ணீர் கேன் யார் கொண்டு வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கேனை இறக்குவது மகன், மேற்பார்வை அவர்.

குழந்தைகளின் போட்டிகள் முடிந்ததும் மைக்கில் அம்மாக்களைக் கூப்பிட்டார்கள். வாயில் ஸ்பூன், ஸ்பூனில் எலுமிச்சம்பழம், அந்தப் பக்கக் கோடு வரை போக வேண்டும். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் வரலைடா" என்றேன். அவள் விட்டால்தானே. கணவர், "போயேன், என்ன இப்ப" என்றார். ஸ்பூனை வாயில் கவ்வினேன். பல் மட்டும் போதாது, உதடும் இறுக வேண்டும். இறுகியது. பழத்தை வைத்தார்கள். விசில் ஊதினார்கள்.

பக்கத்தில் எல்லோரும் விடுவிடுவென்று போனார்கள். நான் பழத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். வலது கால் தப், தப் என்று விழுந்தது, ஒவ்வொரு முறையும் பழம் உருண்டு உருண்டு நின்றது. கன்னம் நடுங்கியது. முன்னால் போனவர்களில் ஒருவர் பழத்தைத் தவறவிட்டார், இன்னொருவரும். அவர்கள் குனிந்து தேடும்போது நான் தாண்டிப் போனேன். வேலிக்கு அருகிலிருந்து குரல் கேட்டது:

"உடாதமே! வாய உடாத! சிரிச்சிடாத, சிரிச்சா போச்சி!"

அதைக் கேட்டுத்தான் சிரிப்பு வந்தது. மூக்கால் சிரித்துக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு, கோட்டைத் தாண்டினேன். நான்காவது. பழம் ஸ்பூனிலேயே இருந்தது.

மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "விழவே இல்லம்மா! உன்னோடது விழவே இல்ல!" கணவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், இந்த முறையும் கை ஆடிக்கொண்டிருந்தது.

நான் மூச்சு வாங்கித் திரும்பிப் பார்க்கும்போது அடுத்த சுற்றுக்கு அம்மாக்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வரிசையின் கடைசியில், கைத்தடியை மகனிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அக்கா நின்றார். ஒரு டீச்சர் தயங்கி, "இது ஸ்டூடண்ட்ஸோட அம்மாக்களுக்கு மட்டும்" என்றார்.

"நானும் அம்மாதான்மே. தோ நிக்கிறான் பாரு, எம்புள்ள" என்றார் அக்கா. மகன் கைத்தடியோடு தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் சிரித்துவிட்டு ஒரு ஸ்பூனை நீட்டினார். அக்கா அதை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணால் என்னைத் தேடிப் பிடித்து, புருவத்தை உயர்த்தினார்.

நான் வேலிப்பக்கம் ஓடினேன். அங்கே நின்று கத்த ஆள் வேண்டுமே.